பொஸ்ரன் பனியில் ஒரு தென்னை

சென்ற வாரம் நான் அமெரிக்க வரலாற்றைத் திருத்தி எழுதினேன். இல்லை... கெடுத்து எழுதினேன் என்பதே சரி.

நடந்தது மெல்பேர்ணின் ஸ்பிரிங்வேலில், நான் படிப்பிக்கும் ஆரம்பப் பள்ளியில். அமெரிக்காவுக்கு இருநூறு வயதாம். அதற்கு மெல்பேர்ண் பிள்ளைகள் என்ன செய்வார்கள் பாவம்? பள்ளி அதிபர் அப்படி யோசிக்கவில்லை. "அந்தக் காலத்து அமெரிக்கர் வீட்டில் எப்படி வாழ்ந்தார்கள் என்று செய்து காட்டுங்கள். பெற்றோரையும் அழைப்போம்" என்றார்.

வெண்ணெய் கடைந்தோம். இறகால் எழுதினோம். வரிக்குக் கோபித்து ஆங்கிலேயரின் தேயிலையைக் கடலில் கொட்டிய பொஸ்ரன்காரரைப் போல, இனித் தேநீர் குடிப்பதில்லை என்று வகுப்பே சத்தியம் செய்தது – நான் மட்டும் இடைவேளையில் ஒளித்துக் குடித்தேன். அடுத்தது மெழுகுதிரி. மாட்டுக் கொழுப்பை உருக்கி, அதில் திரியைத் தோய்த்துத் தோய்த்து எடுக்க வேண்டும் என்றது புத்தகம்.

நாங்கள் சைவக்காரர். மனைவியிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

"என்ன? என்ரை குசினிக்குள்ளை மாட்டுக் கொழுப்போ? உங்களுக்கு விசரே?"

"பிள்ளையளுக்குப் படிப்பிக்கத்தானப்பா..."

"அமெரிக்கன் இருட்டுக்குள்ளை இருக்கட்டும்!"

அப்போதுதான் யன்னலோரத்தில் அவளுடைய தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கண்டேன். தலைக்கு வைக்கும் எண்ணெய், அவுஸ்திரேலிய யூலைக் குளிரில் கல்லாக உறைந்திருந்தது. இதைவிட வேறென்ன வேண்டும்? கடையில் மெழுகு விற்கிறார்களே என்று எனக்குத் தோன்றவேயில்லை.

குளிர்ந்த வகுப்பறையில் மெழுகுதிரிகள் வெள்ளை வெளேரென்று வந்தன. "இப்படித்தான் அமெரிக்கர்களும் செய்தார்கள்" என்றேன். ஏன் சொன்னேன்?

ஹெலன் கையை உயர்த்தினாள். கிரேக்கக் குடும்பத்துப் பிள்ளை. பெற்றோர் முன் பேசுவதற்கு நானே தெரிவு செய்தவள்.

"சேர், அங்கே பனி கொட்டும் என்றீர்களே... தேங்காய் எங்கிருந்து வந்தது?"

"கப்பலில்."

"தேயிலையைக் கடலில் கொட்டியவர்கள், தேங்காயை மட்டும் ஏன் விட்டார்கள்?"

வகுப்பு சிரித்தது. யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் படிப்பித்தவன் நான். அங்கே எந்தப் பிள்ளையும் என்னிடம் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. "அதிகம் கெட்டித்தனம் காட்டாதே" என்று அவளை இருத்திவிட்டு, பெற்றோர் முன் பேசும் பேச்சை இன்னொரு மாணவன் பீற்றரிடம் கொடுத்தேன்.

மறுநாள் பீற்றரின் படம் சுவரில் ஏறியது. பொஸ்ரன் துறைமுகம், கொட்டும் பனி, வரிசையாகத் தென்னைகள், இளநீர் குடிக்கும் சிவப்புச் சட்டை ஆங்கிலச் சிப்பாய்கள். அதிபர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "இது எனக்கே தெரியாத செய்தி!" என்றார்.

ஹெலனை அழைத்தேன்.

"நீ கேட்டதுதான் சரி. அங்கே தேங்காய் இல்லை, நான் பொய் சொன்னேன். நீயே பேசு, உண்மையைச் சொல்."

அவள் தலையாட்டி மறுத்தாள்.

"வேண்டாம் சேர். அம்மா பக்டரியில் லீவு கேட்டு வருகிறா. ரீச்சர்மார் பொய் சொல்லமாட்டார்கள் என்று எப்போதும் சொல்லுவா. நான் எப்படி...?"

ஆகவே பெற்றோர் வந்த நாளில் நானே மேடையில் ஏறினேன். "அமெரிக்காவில் தேங்காய் மெழுகுதிரி இருந்ததில்லை. நான் பொய் சொன்னேன். சரியாகக் கேள்வி கேட்ட ஹெலனைத் தண்டித்தும்விட்டேன்" என்றேன். அந்த நேரம் பார்த்து, மண்டபத்து ஹீற்றர் சூட்டில், மேடையில் வைத்திருந்த மெழுகுதிரிகள் ஒவ்வொன்றாக வளைந்து தலை சாய்ந்தன.

மண்டபம் அதிரச் சிரித்தது. நகைச்சுவை நாடகம் என்று நினைத்துவிட்டார்கள்! எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியவர் அதிபர்.

ஹெலனின் தாய்க்கு ஆங்கிலம் குறைவு. மகளின் தோளைத் தட்டி ஏதோ கேட்டார். மகள் கிரேக்கத்தில் ஏதோ சொன்னாள். தாய் எழுந்து வந்து, இரண்டு கைகளாலும் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

அந்தப் பிள்ளை என்ன மொழிபெயர்த்தாள்? இதுவரை நான் கேட்கவில்லை. கேட்டால், என் மனம் நோகாதிருக்க அவளும் ஒரு பொய் சொல்ல வேண்டிவரும்.