பிச்சியை விட்டு அரளியை எடுத்தவள்

அன்று இசக்கியம்மன் கோயில் நடையில் இருந்தவர்கள்: என் மனைவி செல்லம்மாள். மகள் வினிதா. செல்லம்மாளின் அண்ணன் தாணு. பூசாரி. நான் போனுக்குள் இருந்தேன். துபாயில் என் முதுகுக்குப் பின்னால் எதிர்க்கடைத் தையல்காரர் யூசுப் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஊர் பாகிஸ்தான்.

நான் இங்கே பூக்கடையில் வேலை செய்கிறேன். காலையில் தெர்மாகோல் பெட்டியைத் திறந்தால் ஐஸுக்கு நடுவில் எங்கள் ஊர்ப் பிச்சி கிடக்கும். மற்ற ஊர்க்காரர்கள் ஜாதிமல்லி என்பார்கள். நேற்று தோவாளைச் சந்தையில் இருந்தது, இன்று என் கையில். நான் ஊருக்குப் போய்வர இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். பூவுக்கு ஒரு ராத்திரி போதும். இது எனக்கு இன்னும் பழகவில்லை. இங்கே பூ வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது, ஃபிரிட்ஜில் எத்தனை நாள் இருக்கும் என்று. ஊரில் அப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். தோவாளையில் செல்லம்மாள் ஒரு வியாபாரிக்குப் பூக் கட்டிக் கொடுக்கிறாள். நான் இங்கே கட்டுகிறேன். அவளும் நானும் ஒரே வேலை, நடுவில் கடல்.

வினிதா இன்ஜினியரிங் முடித்தாள். மேலே படிக்க இரண்டு இடத்திலிருந்து வரச் சொன்னார்கள். ஒன்று, நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி. வீட்டு முக்கிலிருந்து பஸ். படித்து முடித்தால் அங்கேயே வாத்தியார் வேலை தருவதாகவும் சொல்லியிருந்தார்கள். இன்னொன்று ஜெர்மனி. காற்றாலைப் படிப்பு. சேர்வதே கஷ்டம், சேர்ந்த பிறகு பாஸாவது அதைவிடக் கஷ்டம், வேலைக்கு யாரும் வாக்குக் கொடுக்கவில்லை என்று அவளே சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் மட்டும் வேறு மாதிரி இருந்தது. தாணு மச்சான் ஆரல்வாய்மொழியில் காற்றாலைக்குக் காவல் இருக்கிறவர். சின்ன வயதில் பைக்கில் முன்னால் உட்காரவைத்து இவளை அங்கே கொண்டுபோவார். கழுத்து வலிக்க மேலேயே பார்த்துக்கொண்டு நிற்பாளாம். உள்ளே ஏணி உண்டு, ஆனால் நமக்கு ஏற அனுமதி இல்லை என்று மச்சான் சொல்ல, அன்று முழுவதும் இவள் சாப்பிடவில்லையாம்.

செல்லம்மாள் பக்கத்துக் கல்லூரி என்றாள். புருஷன் ஒரு தேசம், மகள் ஒரு தேசம், நான் யாரிடம் பேச என்று கேட்டாள். மச்சான் ஜெர்மனி என்றார். வினிதா அம்மாவை எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. என்னிடம் கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்பு. அந்தக் காலத்தில் எனக்கு ஒரு விசா வந்தது, ஏறி வந்தேன். தேர்ந்தெடுக்க இரண்டாவது ஒன்று இருக்கவில்லை. இரண்டு கதவு திறந்து கிடக்கிற வீட்டில் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி நாளைக் கடத்தினேன். கடைசியில் செல்லம்மாள், அம்மனிடம் பூக் கட்டிப் பார்ப்போம் என்றாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. வாழையிலையில் பொதிந்து அம்மன் காலடியில் வைப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். எது வருகிறதோ அதுதான் உத்தரவு. வெள்ளை வந்தால் நாகர்கோவில், சிவப்பு வந்தால் ஜெர்மனி. பொட்டலம் இரண்டையும் செல்லம்மாளே கட்டினாள். ஒரே அளவு, ஒரே நார், ஒரே முடிச்சு. பார்த்துக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. பூசாரி, பிள்ளையே எடுக்கட்டும் என்றார். மச்சான் தன் துண்டால் வினிதாவின் கண்ணைக் கட்டிவிட்டு, எனக்குத் தெரியும்படி போனைப் பிடித்தார்.

ஊரில் விளக்கு வைக்கிற நேரம். பிச்சி மொட்டு விரிகிற நேரமும் அதுதான்.

வினிதா குனிந்தாள். கை முதல் பொட்டலத்தின் மேல் போய் நின்றது. எடுக்கவில்லை. தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினாள். தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. போனில் மணம் வராது, ஆனாலும் புரிந்தது. உள்ளே இருப்பது பிச்சி. பூக்காரி மகள் அவள், தொட்டிலில் கிடக்கும்போதே அந்த வாசம்தான். சிவப்புக்கு வைத்தது அரளி, அதில் வாசம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. எது எந்தப் பொட்டலம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கை நகர்ந்தது. இரண்டாவதை எடுத்தாள்.

பூசாரி இலையைப் பிரித்தார். அரளி.

மச்சான்தான் ஆரம்பித்தார். "கண்ணக் கெட்டுனோம். மூக்கக் கெட்டதுக்கு மறந்துட்டோம்லா."

பூசாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, அம்மன் உத்தரவு என்றார். வினிதா துண்டை அவிழ்த்துவிட்டு அம்மா முகத்தைப் பார்த்தாள். "நான் போவட்டாம்மா?"

செல்லம்மாள் அரளியைக் கையில் வாங்கி மகள் தலையில் வைத்தாள். "அம்மன் சொன்ன பெறவு என்னட்ட எதுக்குட்டி கேக்க? போ."

யூசுப் என் முதுகில் தட்டி முபாரக் என்றார். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில், காலேஜ், ஜெர்மனி என்றேன். மாப்பிள்ளை ஜெர்மனியில் இருக்கிறானா, ரொம்ப நல்லது என்றார். போய் அல்வா வாங்கிவந்து எங்கள் வரிசைக் கடைக்கெல்லாம் கொடுத்தார். நான் திருத்தவில்லை. வாங்கித் தின்றேன்.

பிறகு செல்லம்மாளைத் தனியாகக் கூப்பிட்டேன். வெள்ளைக்கு நந்தியாவட்டை வைத்திருந்தால் வாசமே இருந்திருக்காதே, மறந்துவிட்டாயா என்று கேட்டேன்.

"மறக்கல்ல. வாசத்துக்குக் கை போவும்ணு நெனச்சேன். நம்ம பிள்ளைல்லா."

"பெறவு?"

"பிச்சிய விட்டுட்டு அரளிய எடுத்துட்டா பாத்தியளா. என்னைய ஜெயிச்சிட்டா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நாள் ஆகியிருந்தது. நானும் சிரித்தேன்.

வினிதா போனாள். முதல் பரீட்சையில் ஒரு பாடம் போனது, அடுத்ததில் எழுதி எடுத்துவிட்டாள். போன வாரம் ஒரு படம் அனுப்பினாள். காற்றாலை உச்சியில் ஹெல்மெட்டோடு நிற்கிறாள். உள்ளே ஏணி வழியாக ஏறினாளாம். பின்னால் முழுக்க வானம். கீழே தெரிகிற வயல் எங்கள் வயலும் இல்லை, இந்த ஊர் மணலும் இல்லை. செல்லம்மாள் பூக் கட்டுகிற இடத்தில் வைத்துப் பார்த்தாள். நான் ஐஸ் பெட்டி மேல் போனை வைத்துப் பார்த்தேன். யூசுப்பும் பார்த்தார், மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார். தாணு மச்சான் தன் ஐம்பது மீட்டர் காற்றாலை அடியில் போய் நின்று மேலே பார்த்துக்கொண்டே எனக்குப் போன் போட்டார். "மாப்ள, பிள்ள நிக்கது இதவிட ஒசரமாண்ணு கேளும்."

கேட்டேன். பதிலுக்கு உயரத்தை மட்டும் எழுதி அனுப்பினாள்.

நூற்று நாற்பது மீட்டர்.