அடங்கா

யாமினிக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தது எதிர்வீட்டு வான்மதி ஆன்ட்டி. ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி நகரில் ஒரு பிறந்தநாள் விருந்து. பையன்களிடமிருந்து பந்தைப் பிடுங்கி, மறித்தவர்களைப் புல்லில் உருட்டிவிட்டு ஓடிய ஆறு வயதுக்காரியைப் பார்த்து, "ஏனுங்க நாகமணி, உங்க பொண்ணு சரியான அடங்காப்பிடாரியா இருக்கறாளே!" என்றார்.

"வாட் டஸ் தட் மீன், மா?" என்றாள் யாமினி.

அத்தனை பேர் முன்னால் நாகமணிக்கு வேறு வழி தோன்றவில்லை. "ஸ்ட்ராங் கேர்ள்னு அர்த்தம், கண்ணு."

பெண் அப்படியே நம்பிவிட்டாள். அடுத்த கால்பந்துப் பயிற்சியிலேயே அதுதான் தன் தமிழ்ப் பெயர் என்று அணி முழுக்கப் பறைசாற்றினாள். டெக்சாஸ் பிள்ளைகளின் நாக்குக்குப் பிடாரி வசப்படவில்லை. 'அடங்கா' மட்டும் தங்கிற்று. வெட்டியது போக மிஞ்சியதும் பெண்ணுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

யாமினி தடுப்பாட்டக்காரி ஆனாள். அவளைத் தாண்டிப் பந்து போவது சுலபமில்லை என்று ஹூஸ்டன் வட்டாரத்துக்கே தெரிந்தது. அப்பா வெள்ளியங்கிரிக்கு மட்டும் வேறு கணக்கு. "ஆடட்டும், காலேஜ் அப்ளிகேஷன்ல போட்டுக்கலாம்" என்பார். பெண் டாக்டராக வேண்டும் என்று அவர் எப்போதோ முடிவு செய்திருந்தார்.

பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பல்கலைக்கழக அணி அவளைக் கேட்டு வந்தது. அந்த வருடப் பொங்கல் விழாவில் மேடையேற்றி மைக்கைக் கொடுத்தார்கள். எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், அன்று பெருமையாகத் தமிழில் ஆரம்பித்தாள்.

"வணக்கம். நான் யாமினி. ஆனா நான் ஒரு அடங்காப்பிடாரி."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. வான்மதி ஆன்ட்டிக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. யாமினிக்கு ஒன்றும் புரியவில்லை.

காரில் ஏறியதும் வெள்ளியங்கிரி வெடித்தார். "மானமே போச்சு! பந்தெல்லாம் இத்தோட போதும். காலேஜுக்குப் படிக்கத்தான் போற. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவளுக்குப் பதினெட்டு நிறையவில்லை. பெற்றவர் கையெழுத்து இல்லாமல் அந்த அணியில் இடமில்லை.

"அம்மா, அந்த வேர்டுக்கு ரியலா என்ன அர்த்தம்?"

நாகமணி தலையைத் திருப்பாமல் உண்மையைச் சொன்னாள். சொன்னாலும் கேட்காத பெண், யாருக்கும் பணியாத பெண் என்றாள். வசவுதான் என்றும் சொன்னாள்.

யாமினிக்கு முகம் எரிந்தது. பத்து வருடத்துக்கு மேலாக ஒரு வசவைத் தலையில் கிரீடமாகச் சுமந்திருக்கிறாள்! முன் சீட்டுப் பக்கம் குனிந்து அப்பாவிடம் தமிழிலேயே சொன்னாள்.

"அப்ப அது கரெக்ட் பேருதான்ப்பா. நான் அடங்க மாட்டேன்."

வெள்ளியங்கிரிக்கு ஃப்ரீவேயில் இறங்கவேண்டிய வழியே தவறிப்போனது. வீட்டுக்கு வந்ததும் நாகமணி செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசையிலிருந்த அணியின் படிவத்தையும் பேனாவையும் எடுத்தாள். ஐ.டி. வேலையில் பத்துப் பேரை மேய்ப்பவள், வீட்டில் அவரைக் கேட்காமல் இதுவரை எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

"அம்மா கையெழுத்தும் செல்லும்னு போட்டிருக்குதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போட்டாள்.

கல்லூரியில் யாமினி அணித்தலைவி ஆனாள். படிப்பு முடிந்ததும் கலிஃபோர்னியாவில் ஒரு தொழில்முறை அணி அவளை எடுத்துக்கொண்டது. முதல் ஆட்டத்துக்கு அப்பாவும் விமானம் ஏறினார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஏறினார்.

இடைவேளைக்குப் பின் எதிரணிக்காரி ஒருத்தி மோதியதில் யாமினி குப்புற விழுந்தாள். எழவில்லை. பழைய தோழிகள் இருந்த வரிசையிலிருந்து "அடங்கா! அடங்கா!" என்று குரல் கிளம்பி அரங்கமே பிடித்துக்கொண்டது. அர்த்தம் தெரியாமல் ஆயிரக்கணக்கானோர் தமிழில் கத்தினார்கள். யாமினி முழங்கையை ஊன்றினாள், மறுபடி சரிந்தாள்.

அர்த்தம் தெரிந்த நாகமணி எழுந்து நின்றாள்.

"எந்திரிடி, அடங்காப்பிடாரி!"

அந்தக் கூச்சலுக்குள்ளும் அம்மாவின் குரல் யாமினிக்குக் கேட்டது. வாயிலிருந்த புல்லைத் துப்பிவிட்டு எழுந்தாள்.

வெள்ளியங்கிரி மனைவியின் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "உக்காரு நாகு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமுங்க" என்றாள் நாகமணி, உட்காராமல்.