மாட்யூலில் இருபது நியூட்டன்

பிசிக்ஸ் ட்யூஷன் எடுப்பவனுக்கு மாணவர்களிடம் பயமில்லை, அச்சடித்த விடையிடம்தான் பயம். பலகை முன்னால் வேர்த்து நின்றவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கடைசிப் பக்கம்

ஜீவனஹள்ளி ட்யூஷன் சென்டரில் சேர்ந்த புதிது. அங்கே பாடப் புத்தகத்துக்குப் பெயர் மாட்யூல். எழுதியவர் உரிமையாளர் ஸ்டீபன் சாரேதான். எனக்கு முன்னால் இருந்தவர் அதில் ஒரு தப்பைக் காட்டினாராம், மறுநாள் அவர் வேலையில் இல்லை. வேலூர் வேலையை விட்டு, மனைவியோடு இந்தக் கன்னட ஊரில் வந்து இறங்கியிருந்த நான், மாட்யூலில் தப்பே தேடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

ஒரு நாள் வகுப்பில் கணக்கு இது: ஐந்து கிலோ கட்டை, ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4, பத்து நியூட்டனில் இழுக்கிறோம், உராய்வு எவ்வளவு? மாட்யூலின் கடைசிப் பக்கத்தில் விடை இருபது. இருபது என்பது அந்த உராய்வு எட்டக்கூடிய உச்ச அளவு. பத்தில் இழுத்தால் உராய்வும் பத்துதான். தெரிந்தும் இருபது என்றே எழுதினேன். முன் பெஞ்சு ஷாரன் கையைத் தூக்கினாள்.

"சார், நாம பத்துல இழுக்கறோம், அது இருபதுல எதிர்க்குதுன்னா, கட்டை நம்மளையே பின்னாடி இழுத்துட்டுப் போகுமா?"

கேமரா

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, மூலையில் கேமரா இருந்தது. ஸ்டீபன் சார் தன் அறையில் உட்கார்ந்து எல்லா வகுப்பையும் பார்ப்பார். பரீட்சையில் இந்தப் பிள்ளைகள் இருபது எழுதினால் மார்க் போகும். நான் பத்து எழுதினால் வேலை போகும். இருபதை அழித்தேன். பத்து எழுதுவதற்குள் கதவைத் திறந்துகொண்டு அவரே வந்துவிட்டார்.

பயத்தில் என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல், "சார், இந்த மேஜையை லேசா தள்ளுங்க" என்றேன். அவர் முன்னாலிருந்து தள்ளினார், ஷாரனைப் பக்கவாட்டில் தள்ளச் சொன்னேன். மேஜை அசையவில்லை. ஒருவர் மூன்று நியூட்டன், ஒருவர் நான்கு என்றால், திசைகள் செங்குத்தாக இருப்பதால் இரண்டும் சேர்ந்து ஏழு இல்லை, ஐந்து. உராய்வும் அந்த ஐந்துதான், அதற்கு மேல் எதிர்க்காது என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன்.

"கிளாஸ் முடிச்சிட்டு என் ரூமுக்கு வாங்க."

அறை

மாடிப்படி ஏறும்போது மனைவியிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் மனதில் ஓடியது. உள்ளே ஸ்டீபன் சார் மாட்யூலில் இருபதை அடித்துவிட்டுப் பத்து எழுதியிருந்தார். முகத்தில் சிரிப்பில்லை. புத்தகத்தை என் பக்கம் தள்ளினார்.

"இனிமே இதை நீங்களே எழுதுங்க. ஸ்வல்ப, கொஞ்சம் ஜாக்கிரதை, தப்பு வந்தா உங்க பேர்தான் போகும்."

இப்போது கடைசிப் பக்கத்து விடைகளெல்லாம் என்னுடையவை; புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் அவற்றை ஒரு கேள்வியும் கேட்காமல் அப்படியே பலகையில் எழுதுவதை ஸ்டீபன் சார் அறையில் உட்கார்ந்து கேமராவில் பார்க்கும்போதுதான் எனக்குப் பயம் வருகிறது.