பிரிக்காத பொட்டலமும் எஸ்தர் அக்காவும்

எஸ்தர் அக்காவின் கணவர் டேவிட் அண்ணன் காலையில் போனில் கூப்பிட்டபோது நான் நாவலூரில், இப்போது வேலை பார்க்கும் ஆய்வகத்தின் லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தேன். "தம்பி, எஸ்தர் போயிட்டா. குளிச்சிட்டு வந்து உட்கார்ந்தா, அப்படியே சாஞ்சிட்டா," என்றார். அக்காவின் இதயம் சில காலமாகவே பலவீனமாக இருந்தது எங்களுக்குத் தெரியும். ஆனாலும், ஆட்கள் சேர்ந்து அடித்தும் சாகாத பெண் நாற்காலியில் உட்கார்ந்தபடியா போய்விட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், உணவுப் பொருள்களைச் சோதிக்கும் சின்ன ஆய்வகம் ஒன்றில் நாங்கள் சேர்ந்து வேலை பார்த்தோம். உணவில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை, கலப்படம் பார்ப்பது என் வேலை. அக்கா சாந்தமானவர் என்று யாராவது பேசினால், அவரை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். சோதனை மேசையில் டீ டம்ளரை வைத்தார் என்பதற்காக மேலாளரின் டம்ளரைத் தூக்கி வாசலில் எறிந்தவர் அவர். "வாய்க்குள்ள போறதும் கிருமியும் ஒரே மேசையிலயா?" என்று கேட்டார்.

ஒரு நாள் தேவி என்ற பெண் எங்கள் வாசலுக்கு வந்தாள். கீழுதடு கிழிந்து வீங்கியிருந்தது. கையில், பாதி தீர்ந்த குழந்தை மாவுப் பொட்டலம். வெந்நீரில் கலக்கி உடனே ஊட்டுகிற தானிய மாவு. அவளுடைய எட்டு மாதக் குழந்தை அதைச் சாப்பிட்டு வயிற்றுப்போக்கில் ஆரம்பித்து, ரத்தத்தில் கிருமி பரவி ஆஸ்பத்திரியில் இறந்திருந்தது. அவள் கை சுத்தமில்லாததால்தான் குழந்தை செத்தது என்று வீட்டில் எல்லோரும் சொன்னார்களாம். கணவன் குமார் தினமும் அடித்தானாம். "என் கையால தான் செத்துச்சான்னு மட்டும் பாத்து சொல்லுங்கக்கா. அடி வாங்கிக்கிறேன், பரவால்ல. எனக்குத் தெரியணும்," என்றாள்.

தனியாட்கள் கொண்டுவருவதை நாங்கள் வாங்குவதில்லை. அக்கா வாங்கினார். பிறகு அவரே வண்டியை எடுத்துக்கொண்டு போய், தாம்பரம் வரை கடை கடையாக ஏறி, அதே தயாரிப்புத் தொகுதி எண் போட்ட பிரிக்காத பொட்டலங்களைத் தேடி வாங்கிவந்தார். "இவ பிரிச்ச பையில கிருமி இருந்தா இவ கைன்னுதான் சொல்லுவானுங்க. பிரிக்காத பையில இருந்தா என்ன சொல்லுவானுங்க?" என்றார்.

சில நாள்களில் சோதனைத் தட்டுகளில் சால்மோனெல்லா என்ற குடல் கிருமி முளைத்தது. கிருமி வளர ஊற்றிவைத்த சிவப்பு ஊடகத்தின் மேல் கரும்புள்ளிகள். தேவியின் பொட்டலத்தில் இருந்தது. பிரிக்காதவற்றிலும் சிலவற்றில் இருந்தது. மாவு உலர்ந்திருக்கும்வரை அந்தக் கிருமி பெருகாமல், ஆனால் சாகாமல், மாதக்கணக்கில் கிடக்கும். ஆறிய வெந்நீரில் கலக்கும்போது விழித்துக்கொள்ளும். அக்கா உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு உடனே எழுதினார்.

அந்த மாவு திருமுடிவாக்கத்தில் ஒரு கொட்டகையில் தயாரானது. செய்தி எப்படியோ அதன் முதலாளிக்குப் போய்விட்டது. மறுநாள் மதியம் நான்கு பேர் உள்ளே நுழைந்தார்கள். அந்தப் பெண்ணின் அடுப்படிதான் அழுக்கு என்று எழுதித் தரச் சொன்னார்கள். அக்கா முடியாது என்றார். ஒருவன் என்னைச் சுவரோடு சேர்த்து மிதித்தான். இன்னொருவன் தட்டுகளை அள்ளித் தரையில் அடித்தான். மூன்றாவது ஆள், தடுக்க வந்த அக்காவின் வலது கையை மேசையில் அழுத்திப் பிடித்து இரும்பு ஸ்டூலால் அடித்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அதன் பிறகு நடந்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், பலர் நம்பியதில்லை. தரையெல்லாம் உடைந்த தட்டுகள். தட்டுகளை உடைத்தவனின் கை முழுக்க அந்தச் சிவப்பு ஊடகம் ஒட்டியிருந்தது. அக்கா தரையில் சரிந்து கிடந்தபடியே அவனைப் பார்த்து, "உன் வீட்ல குழந்தை இருக்கா?" என்று கேட்டார். "இருந்தா அந்தக் கையோட போகாத. சோப்பு அங்க இருக்கு, முழங்கை வரைக்கும் தேச்சுக் கழுவு. செருப்பை இங்கயே விடு." மற்றவர்கள் வெளியே ஓடிவிட்டார்கள். அவன் மட்டும் நின்று கழுவினான். வெறுங்காலோடு போனான்.

மாவுக்கட்டுப் போட்ட கையோடு அக்கா தேவியின் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். மாமியார், குமார், பக்கத்து வீட்டார் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "இவ கையில ஒண்ணும் இல்ல. கிருமி கடையில, பிரிக்காத பையிலயே இருந்துது." தேவி தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். குமார் அக்கா காட்டிய பொட்டலத்தில் இருந்த முகவரியைப் படித்துவிட்டு, இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினான்.

நாங்கள் ஆட்டோ பிடித்துத் திருமுடிவாக்கம் போய்ச் சேர்ந்தபோது முதலாளி தோள் உடைந்து மாவு மூட்டைகளுக்கு நடுவே கிடந்தான். அவன் முகத்தில் ரத்தமும் மாவும் குழைந்திருந்தன. குமார் அவன் தலைக்குக் குறிவைத்துக் கம்பியை ஓங்கியிருந்தான். வேலையாட்கள் யாரும் கிட்டே வரவில்லை. அக்கா நேராகப் போய் இருவருக்கும் நடுவில் நின்றார்.

"தள்ளிக்கோக்கா. என் புள்ளைய கொன்னுட்டான்."

"ஆமா, கொன்னுட்டான். அவனை அடிச்சிட்ட. தேவியை அடிச்சியே, அதுக்கு யாரை அடிப்ப?"

கம்பி உடனே இறங்கிவிடவில்லை. அது அக்காவின் தலைக்கு மேல் ஓங்கியபடியே நின்றதை இன்றும் என்னால் நினைக்க முடியவில்லை. பிறகு குமார் அதை மூட்டைகளின் மேல் வீசிவிட்டு, தன் முகத்திலேயே மாறி மாறி அறைந்துகொள்ள ஆரம்பித்தான். அக்கா அவனைத் தடுக்கவில்லை.

அதிகாரிகள் வந்து கொட்டகைக்குச் சீல் வைத்தார்கள். வறுத்த தானியத்தை ஆறவைக்கும் தட்டுக்கு நேர் மேலே கூரை ஒழுகியது. அந்தக் கூரையில் புறாக்கள் அடைந்திருந்தன. வறுத்ததில் கிருமி செத்தாலும், ஆறும்போது புறா எச்சம் கரைந்து ஒழுகிய தண்ணீரில் மறுபடி வந்து விழுந்திருக்கிறது. கடைகளிலிருந்து மாவைத் திரும்ப எடுத்தார்கள். முதலாளி மேலும் குமார் மேலும் வழக்குகள் நடக்கின்றன. குமாரை விட்டு வெளியே வந்த தேவி அவனிடம் திரும்பிப் போகவில்லை. அக்காவின் வலது கை விரல்கள் பிறகு முழுதாக மடங்கவே இல்லை. இடது கையால் எழுதப் பழகி, சாட்சிக் கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அக்காவை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்தில் தேவியைப் பார்த்தேன். மண் போட்டுவிட்டு, கையில் ஒட்டியதைத் தட்டாமல் அப்படியே நின்றிருந்தாள்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம். சோதனை முடிவைத் தாளில் அனுப்பிவிட்டு நான் சும்மா இருப்பதில்லை. அந்த உணவால் யார் மேல் பழி விழுந்திருக்கிறதோ அவர்கள் வீட்டுக்குப் போய், பழி போட்டவர்கள் எல்லோர் முன்னாலும் வாயால் சொல்கிறேன். போன மாதம் ஒரு வீட்டில் சட்டையைப் பிடித்து என்னை வெளியே தள்ளப் பார்த்தார்கள். கதவைப் பிடித்துக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்த பிறகுதான் கையை விட்டேன்.