கரைமேல் ஒரு ரிவர்ஸ்

முக்கொம்பிலிருந்து கொள்ளிடக் கரைமேல் ஒற்றைச் சாலை, இருபுறமும் சரிவு. எதிரே வாழைத்தார் லாரி வந்து நிற்க, நான் ரிவர்ஸ் எடுக்கத் தடுமாறியதில் என் காரில் கிளட்ச் கருகும் வாடை கிளம்பியது.

அறுபதுகளில் அம்மாவின் சின்னக் காரிலும் இதே வாடைதான். தென்னூரில் டாக்டராக இருந்த அம்மா, கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவே உள்ள தீவுக்குள் ஓர் ஊருக்குப் பிரசவம் பார்க்க இந்தக் கரையில் போனாள். கூடவே சிறுமியாக நான். பாதி வழியில் மாட்டுவண்டி ஒன்று எதிர்ப்பட்டது. மாடு பின்னால் நடக்காது. கார்தான் பின்வாங்க வேண்டும் என்பது கரை வழக்கம்.

"கார் இந்தக் கரையில வராதுன்னு நாங்களே கூட்டியாந்துட்டோம்ங்க," என்றார் வண்டிக்காரர். அம்மா பிரசவம் பார்க்கப் போன பெண்தான் வைக்கோல்மேல் முனகிக்கொண்டிருந்தாள்.

"பின்சீட்டுல படுக்க வைங்க."

"காரைத் திருப்ப முடியாதேம்மா?"

"திருப்பப் போறதில்ல. பின்னாலயே போறேன்."

அம்மா கதவைப் பாதி திறந்து, தலையை வெளியே நீட்டி, சக்கரத்தையும் கரை விளிம்பையும் பார்த்தபடியே ஓட்டினாள். "இப்ப முக்காத, மூச்ச விடு," என்று அவள் வாய் மட்டும் பின்சீட்டோடு பேசிக்கொண்டிருந்தது. முக்கொம்பு மரநிழலை எட்டிய பிறகுதான் குழந்தை பிறந்தது.

லாரிக்காரர் இறங்கி வந்தார். "உங்க காரை நான் பின்னால எடுத்துத் தரட்டுமாம்மா?"

"வேணாங்க," என்றேன். கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டினேன்.