பிறை விழுந்த உண்டை

இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நானும் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டுச் சிரித்தவன்தான். என் பெயர் ராபின்சன். பாறசாலையில் தராசு பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மீன் சந்தைத் தராசு முதல் நகைக்கடைத் தராசு வரை என் கைக்கு வரும். முள் ஒரு கோடு தள்ளி நின்றால்கூட எனக்கு உறக்கம் வராது. அப்படிப்பட்டவன் சொல்கிறேன், இது நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதல்ல. 2025 அக்டோபரில் என் கண்முன்னால் நடந்தது. மணி எல்லாம் அன்றன்றே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

கடை போக எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. வெள்ளறடைப் பக்கம் மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கும். மரச்சீனிக் கிழங்கு, வாழை என்று ஒன்றையும் மிச்சம் வைக்காது. பஞ்சாயத்து உத்தரவு தந்தால் எங்களைப் போல லைசன்ஸ் உள்ளவர்கள் போய்ச் சுடலாம். என்னிடம் இருப்பது அப்பா ஜெயதாஸின் பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி. குழலின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, ஈய உண்டையைக் கம்பியால் இடித்து இறக்க வேண்டும். சுடுவதற்கு முன்னால் பின்புறம் ஒரு சின்ன வெடிக் கேப் மாட்ட வேண்டும். ஒரே ஒரு வெடிதான். இறக்கிய உண்டையைச் சுடாமல் வெளியே எடுப்பது பெரும்பாடு.

சுட்ட பன்றியைத் தின்னக்கூடாது. மண்ணெண்ணெய் ஊற்றிப் புதைத்துவிட வேண்டும். குழிக்குள் தள்ளுவதற்கு முன்னால் நான் கத்தியை விட்டு ஈயத்தை மட்டும் தோண்டி எடுத்துவிடுவேன். மரத்தில் பாய்ந்ததையும் வரப்பில் புதைந்ததையும்கூட விடமாட்டேன். எல்லாவற்றையும் உருக்கி, வீட்டில் இருக்கும் அச்சில் வார்த்தால் புது உண்டை. என் மனைவி ஷாலு என்னைப் பழைய இரும்பு பொறுக்கும் ஆக்கர் கடைக்காரன் என்றுதான் கேலி செய்வாள்.

வேட்டைக்குக் கூட வருவது தீபு. வயரிங் வேலை செய்கிறவன். பன்றி எந்தப் பக்கம் இறங்குகிறது என்று காதாலேயே சொல்லிவிடுவான். கல்யாணம் முடிந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவன் மனைவி பிந்து என்னிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். நான் துப்பாக்கியோடு இருக்கும்போது தீபு மோட்டார் ஷெட்டை விட்டு இறங்கக்கூடாது. இருட்டில் குனிந்த மனிதனும் பன்றியும் ஒன்றுபோலத்தான் தெரியும். நான் அந்த வாக்கை விளையாட்டாகக் கொடுக்கவில்லை.

செப்டம்பர் கடைசியில் மரம் அறுக்கும் மில் நடத்தும் ஆதித்யன் போன் செய்தார். ரப்பர் தடி அறுக்கும்போது வாள் எதிலோ இடித்ததாம். போய்ப் பார்த்தேன். தடிக்குள் நாலு விரல் ஆழத்தில் ஓர் ஈய உண்டை. மரம் அதன்மேல் பட்டை மூடி வளர்ந்திருந்தது. கழுவினேன். ஒரு பக்கம் மீன்முள் மாதிரி மெல்லிய வரம்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டு அச்சுக்குள் ஒரு கீறல் உண்டு. அதில் வார்க்கும் ஒவ்வோர் உண்டையிலும் இந்த வரம்பு விழும். அப்படியானால் இது அப்பா சுட்டது!

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அதற்கு ரொம்ப நாள் முன்பே, நான் மஸ்கட்டில் இருந்தபோது, வேட்டையை விட்டுவிட்டார். முட்டுவலி என்று போனில் சொன்னார். அவர் குறி தவறிய உண்டை என் கைக்கு வந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். மறுபக்கம் பிறை மாதிரி ஒரு பள்ளம் இருந்தது. வாள் பட்டிருக்கும் என்று நினைத்தேன். எடை போட்டேன். 25.1 கிராம்.

அக்டோபர் 11, சனிக்கிழமை. மதியம் மூன்று மணி. பின்முற்றத்தில் அடுப்பு மூட்டி, அந்த உண்டையையும் பன்றிகளிடமிருந்து எடுத்த துண்டுகளையும் ஒன்றாக உருக்கினேன். அச்சு சூடேறும் வரை முதல் இரண்டு உண்டை சுருங்கித்தான் விழும். அவற்றைத் திரும்பச் சட்டியில் போட்டேன். பிறகு வரிசையாக ஆறு உண்டை, நல்ல உருட்சியாக விழுந்தன. ஏழாவதைத் தட்டி விழவைத்தபோது 3.20.

அதில் பிறை.

காற்று புகுந்திருக்கும். மறுபடி உருக்கினேன். மறுபடியும் பிறை. அச்சைத் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. மூன்றாம் தடவை வார்த்தேன். பிறை, அதே இடத்தில். தராசில் வைத்தேன். மற்ற ஆறும் 26.0. இது 25.1.

துணி எடுக்க வந்த ஷாலு எட்டிப் பார்த்தாள். "இது வேண்டாம், கேட்டியளா. கொளத்துல கொண்டு போடுங்க" என்றாள்.

கோணிய உண்டை சட்டிக்குத்தான் போக வேண்டும், குழலுக்குப் போகக்கூடாது. இது நானே வைத்திருக்கும் சட்டம். அன்றைக்கு எனக்கு எரிச்சல். ஈயத்திடம் தோற்றுப்போவதா என்ற வீம்பு. காகிதத்தில் சுற்றி வேட்டைச் சட்டையின் பையில் போட்டேன். எங்காவது வரப்பில் சுட்டுத் தீர்த்துவிடலாம் என்று நினைத்தேன். நல்ல ஆறும் இடுப்புத் தோல்பைக்குள் போயின.

செவ்வாய்க்கிழமை, 14ஆம் தேதி அதிகாலை. ஷைலஜா டீச்சரின் மரச்சீனித் தோட்டம். இந்தப் பக்கம் நான் மாமரத்தடியில். அந்தப் பக்கம், நூறு அடி தள்ளி, மோட்டார் ஷெட்டில் தீபு. எனக்குப் பின்னால் பக்கத்துத் தோட்டம். மழை பெய்து ஓய்ந்திருந்தது. மேகத்தில் நிலா தெரியவில்லை.

2.20. துப்பாக்கியை நிரப்பினேன். மருந்து, நார். தோல்பையிலிருந்து ஓர் உண்டை எடுத்து இடித்து இறக்கினேன். மேலே இன்னொரு பிடி நார். இறுக்கமாக உட்கார்ந்தது.

பிறகு எதற்கோ சட்டைப் பையைத் தடவினேன். காகிதம் இருந்தது. காகிதத்துக்குள் ஒன்றும் இல்லை.

தோல்பைக்குள் விரலை விட்டு எண்ணினேன். ஆறு. எல்லாம் உருட்சி.

அப்படியானால் குழலுக்குள் இருப்பது...

நான்தான் சனிக்கிழமை மாற்றிப் போட்டிருப்பேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

3.31. பின்னால் ஒரு சத்தம். சர்ர்ர்க்... சற்று இடைவெளி. சர்ர்ர்க்... ரப்பர் மரத்தில் பால் வெட்டும் கத்திச் சத்தம். எங்கள் ஊரில் இதைக் கேட்டு யாரும் பயப்பட மாட்டார்கள். வெட்டுக்காரர்கள் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இந்த நேரத்தில்தான் இறங்குவார்கள்.

3.38. திரும்பிப் பார்த்தேன். லைட் தெரிந்தது. மங்கல் மஞ்சள். பாட்டரி தீரப்போவதுபோல அணைந்து அணைந்து எரிந்தது. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நகர்ந்தது. நின்றது. சர்ர்ர்க்...

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அது ஆதித்யன் விலைக்கு எடுத்த தோட்டம். போன மாதமே வெட்டி முடித்தாயிற்று. அங்கே மரமே இல்லை. வெறும் அடிமரக் குற்றிகள்தான்.

சத்தம் நின்றது. லைட் அணைந்தது.

தீபுவுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன், அங்கிருந்து லைட் தெரிகிறதா என்று. 3.42. ஒற்றை டிக். போகவில்லை.

எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. தீபுவை விட்டுவிட்டு எப்படிப் போவது?

3.47. மரச்சீனிக்குள் சலசலப்பு. எனக்கு நேர் எதிரே. பதினைந்து அடி. கம்பு ஒடியும் சத்தம். மூச்சு வாங்கும் சத்தம்.

கருப்பாக ஒரு முதுகு எழுந்து தாழ்ந்தது.

பன்றி. பெரிய ஒற்றைப் பன்றி.

என் டார்ச்சை அமுக்கினேன். எரியவில்லை. ஓடுவதற்குள் சுட்டுவிட வேண்டும். கேப்பை மாட்டினேன். குதிரையைப் பின்னால் இழுத்து நிறுத்தினேன். முதுகுக்கு நேராகக் குழலைப் பிடித்தேன்.

3.50.

விரல் வளைந்தது...

என் தோளுக்குப் பின்னால் லைட் எரிந்தது.

மங்கல் மஞ்சள். என் தலைக்குச் சற்று மேலே. என் நிழல் முன்னால் விழுந்தது. புளித்த ரப்பர்ப் பால் வாடை.

யாரோ குழலைக் கீழே அழுத்தினார்கள். மெதுவாக. குளிர்ந்த பாரம்.

அந்த வெளிச்சத்தில் பார்த்தேன்.

எதிரே இருந்தது பன்றி அல்ல.

கருப்பு மழைக்கோட்டு.

தீபு.

நாலு காலில் தவழ்ந்து என்னைப் பார்த்து வந்துகொண்டிருந்தான்.

நான் குதிரையைத் தாழ்த்தினேன். கேப்பைக் கழற்றி எறிந்தேன். லைட் அணைந்துவிட்டது. திரும்பினேன். ஒருவரும் இல்லை. மாமரத்தடியின் ஈர மண்ணில் என் செருப்புத் தடம் மட்டும்தான்.

தீபுவின் கணுக்கால் வீங்கியிருந்தது. போன் ஓடைக்குள் விழுந்துவிட்டது. ஏன் இறங்கினாய் என்று அவனைத் திட்டினேன். எனக்கு அழுகையும் வந்தது.

"நீங்க கூப்பிட்டியளேண்ணா" என்றான்.

"நானா?"

"நெத்தி லைட்டு கெட்டிட்டு ஷெட்டுக்குப் பக்கத்துல வந்து நின்னு கைய காட்டினியளே. பின்னால வந்தேன். ஓடையில வழுக்கி விழுந்துட்டேன். சத்தம் போட்டா பன்னி ஓடிரும்னு இழைஞ்சு வந்தேன்."

என்னிடம் நெற்றி லைட்டே கிடையாது.

அவனைத் தாங்கிப் பிடித்து ரோட்டுக்கு ஏற்றினேன். பிந்துவிடம் கால் வழுக்கியது என்று மட்டும் சொன்னோம்.

வீட்டில் 6.30. வெளிச்சத்தில் துப்பாக்கியைப் பார்த்தேன். குழலின் மேல் வெள்ளையாக நாலு கோடு. நாலு விரல். நகத்தால் சுரண்டினேன். உரிந்து வந்தது. உலர்ந்த ரப்பர்ப் பால்.

உண்டையை எடுக்கத் திருகுக் கம்பியைத் தேடினேன். தேவைப்படவில்லை. குழலைச் சும்மா சாய்த்தேன். இடித்து இறக்கிய நாரையும் தள்ளிக்கொண்டு அது தானாக உருண்டு என் உள்ளங்கையில் விழுந்தது. பிறை மேலே பார்த்தபடி இருந்தது.

அன்றைக்கே ஆதித்யனிடம் போய் அந்தத் தோட்டத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னார். உண்டை இருந்த தடியும் அங்கிருந்து வந்ததுதானாம். 2006இல் கருணாகரன் என்ற வெட்டுக்காரர் அங்கே வெடிபட்டுச் செத்தாராம். யாரோ பன்றி என்று நினைத்துச் சுட்டிருக்க வேண்டும். சுட்டது யார் என்று கடைசிவரை தெரியவில்லையாம். அவருடைய மனைவி ஓமனா இப்போது செங்கல் என்ற ஊரில் இருக்கிறார் என்று ஆதித்யன் வழி சொல்லித் தந்தார்.

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு அந்த உண்டையை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்க முடியவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓமனாவின் வீட்டு வாசலில் நின்றேன். அறுபது வயது இருக்கும். பாறசாலை தராசுக்கடை ஜெயதாஸின் மகன் என்று சொன்னேன். அவர் முகத்தில் ஓர் ஆச்சரியமும் இல்லை.

"வா மக்கா. இந்த நாளுக்கு ஒனக்க அப்பன் வருசா வருசம் வருவாரு" என்றார்.

அக்டோபர் 14. கருணாகரன் செத்த நாள். அன்றைக்கு அவருடைய லைட்டில் பாட்டரி தீர்ந்துகொண்டிருந்ததாம், அணைந்து அணைந்து எரிந்ததாம். அது அணைந்த நேரத்தில் பால் வடியும் சிரட்டையைச் சரிபார்க்கக் குனிந்திருக்கிறார். நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அக்கம்பக்கத்தில் வெடிச் சத்தம் கேட்டிருக்கிறது. நெற்றியில் பட்ட உண்டை தலையைத் துளைத்துப் பின்னால் போய்விட்டது. போலீஸ் மண்ணையெல்லாம் கிளறித் தேடியும் கிடைக்கவில்லை. இவ்வளவையும் ஓமனா அழாமல் சொன்னார்.

அப்பா வருவாராம். அந்த லைட்டைக் கேட்டு வாங்கிக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருப்பாராம். திருப்பித் தந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவாராம். சர்ச்சிலிருந்து ஆறுதலுக்கு வருகிறார் என்றுதான் ஓமனா நினைத்திருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் வெட்கம். முட்டுவலி என்று சொன்ன அந்தக் குரல் காதில் கேட்டது.

அலமாரியிலிருந்து லைட்டை எடுத்து என்னிடம் தந்துவிட்டு, அவர் சாயா போட உள்ளே போனார்.

பழைய இரும்பு லைட். கண்ணாடி இல்லை. வளையத்தில் ஓர் இடம் உள்பக்கமாக நசுங்கியிருந்தது. நான் பையிலிருந்து உண்டையை எடுத்தேன். பிறையை அந்த நசுங்கலில் வைத்தேன்.

பொருந்தியது. மயிரிழைகூட இடைவெளி இல்லை. கையை எடுத்தும் அது விழவில்லை.

அந்த லைட் நசுங்கி பத்தொன்பது வருடம். அந்த உண்டையை நான் என் கையால் வார்த்தது மூன்று நாள் முன்பு, மதியம் 3.20க்குப் பிறகு. நோட்டில் இருக்கிறது.

காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். ஓமனா சாயாவோடு வாசற்படியில் நின்றார். லைட்டைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். பிறகு என்னை.

"அப்போ கெடச்சுதா, மக்கா?" என்றார்.

நான் தலையாட்டினேன். அவர் சாயாவை என் பக்கத்தில் வைத்துவிட்டு, லைட்டை உண்டையோடு வாங்கிக்கொண்டார்.