தங்கராசாவைக் கொடுத்து மஜீட்டை எடுத்த கதை

ஆரையம்பதியில் றேடியோ திருத்துகிற அழகரத்தினம், திருத்தின பெட்டியை உடனே திருப்பிக் கொடுக்கமாட்டார். கிரிக்கெட் வர்ணனை முடியும்வரை அது அவருடைய மேசையில்தான் கிடக்கும். ஊரடங்கு, சுற்றிவளைப்பு என்று வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலங்களில் உலகத்து அணிகளையெல்லாம் மனதுக்குள் கலைத்துக் கலைத்து அடுக்கியவர் அவர். தன்னைத் தெரிவுக் குழுவில் போட்டிருந்தால் இலங்கை அணி இவ்வளவு தோற்றிருக்காது என்று நம்பினார். இலங்கை தப்பியது. அகப்பட்டது ஊர்க் கழகம். அதற்குத் தலைவரும் அவர், விக்கெட் கீப்பரும் அவர்.

2002இல் சண்டை ஓய்ந்ததும் மென்பந்துச் சுற்றுப்போட்டிகள் திரும்பத் தொடங்கின. அவருடைய மனைவி சீதேவியின் தம்பி தங்கராசா அடித்தால் பந்து வாவிக்குள்தான் விழும். தோணிக்காரர் மனம் வைத்தால் திரும்பி வரும். ஆனால் கழகத்தில் பந்து போட ஆளில்லை. தங்கராசா மாய்ந்து மாய்ந்து எடுத்த ஓட்டத்தை எதிரணி தேத்தண்ணி ஆறுமுன் எடுத்துவிடும். பக்கத்துக் காத்தான்குடிக் கழகத்துக்கு நேர்மாறான வருத்தம். மஜீட் என்ற வேகப்பந்துக்காரன் எதிரணியைச் சுருட்டிக் கொடுப்பான். அடிக்கத்தான் ஒருத்தரும் இல்லை.

ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வதைப் பற்றி அழகரத்தினம் யோசித்தார். தங்கராசாவுக்குப் பதிலாகச் சீனித்தம்பியைக் கொடுத்தால் என்ன? அவனும் அடிக்கிறவன்தான். ஆனால் அவனுக்கு அவர்கள் மஜீட்டைத் தரமாட்டார்கள், இப்றாஹிமைத்தான் தருவார்கள். இப்றாஹிம் ஒரு பந்தை விக்கெட்டுக்குப் போட்டால் அடுத்ததை வேலிக்குப் போடுவான். இந்த யோசனையோடு திருத்தியதில், ஒருவருடைய றேடியோ சிங்களச் சேவையை மட்டும் பிடிக்கத் தொடங்கியது.

“எண்ட தம்பியை விக்கப்போறீங்களா?” என்றாள் சீதேவி.

“விக்கல்ல. மாத்துறன். ஒரு சுற்றுப்போட்டிக்குத்தான்.”

“மறுகா திருப்பித் தருவாங்களா?”

தங்கராசாவுக்கு அந்தக் கவலை இருக்கவில்லை. காத்தான்குடியில் சாப்பாடு எப்படியிருக்கும் என்பதையே அவன் விசாரித்துக்கொண்டிருந்தான்.

காத்தான்குடிக் கழகத் தலைவர் ஹமீட்டுக்குப் புடைவைக் கடை. துணிகளுக்கு நடுவில் இருந்துகொண்டு அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “மஜீடத் தாறன். ஆனா உங்கட ஊருக்குள்ள அவனுக்கு ஒண்டும் வரப்படாது.”

தொண்ணூறாம் ஆண்டுக் கொலைகளுக்குப் பிறகு தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊருக்குள் மற்றவர் வேலையில்லாமல் போவதில்லை. அழகரத்தினம் முதல்முறையாக விளையாட்டை மறந்து, அந்த ஊர் வழக்கில் அண்ணன் முறை வைத்துப் பதில் சொன்னார். “எண்ட வீட்டுப் பொடியனும் உங்கட ஊருக்குள்ளதானே வாறான், காக்கா.”

ஹமீட் தலையாட்டினார். தேத்தண்ணி வந்தது.

இரண்டு அணிகளும் இறுதிப் போட்டிவரை வந்தன. தன் புத்தியை நினைத்து அழகரத்தினத்துக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. முந்தின ஆட்டங்களில் சுளுக்கின விரலைச் சாட்டிச் சீனித்தம்பியைக் கீப்பராக நிறுத்தியிருந்தார். இறுதிப் போட்டிக்குத் தானே நிற்காவிட்டால் எப்படி?

மஜீட்டின் பந்தை அதுவரை அவர் எதிரணியில் துடுப்போடு நின்றுதான் சந்தித்திருந்தார், அதாவது, அந்த வேகத்தில் கண்ணால் கண்டதேயில்லை. முதல் பந்து விக்கெட்டையும் தாண்டி, அவரையும் தாண்டி, எல்லைக் கோட்டில் போய் நின்றது. அவர் குனிந்தது அதன்பிறகு. அடுத்தது கால்களுக்கிடையால் போயிற்று. பிறகு மஜீட் ஓடிவந்து போட்ட ஒன்று தங்கராசாவின் துடுப்பு விளிம்பில் பட்டு, பூப்போல அவருடைய நெஞ்சுக்கே வந்தது. அதையும் பத்திரமாக நிலத்தில் விட்டார்.

“நன்றி, அத்தான்,” என்றான் தங்கராசா, உண்மையான மரியாதையோடு. அதற்குப் பிறகுதான் அவன் வாவிப் பக்கம் அடிக்கத் தொடங்கினான்.

காத்தான்குடி வென்றது. அவர்களுடைய அணியில் தங்கராசாவுக்கு அடுத்தபடி கூடிய ஓட்டம் சேர்த்துக் கொடுத்தது அழகரத்தினம் விட்ட பந்துகள்.

“கோவிக்காதீங்க அண்ணன்,” என்றான் மஜீட். “அடுத்தமுறை எங்கட கீப்பரையும் எடுங்க.”

“ஆரைக் குடுத்து எடுக்கிற?”

மஜீட் அவரை மேலும் கீழும் பார்த்தான். பிறகு குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான்.

சீனித்தம்பி கீப்பரானான். அழகரத்தினம் பந்து வராத மூலை ஒன்றைத் தேடிப்பிடித்து நின்றுகொண்டார். போட்டி முடிந்ததோடு மாற்றமும் முடிந்துவிட்டது. ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மஜீட் சைக்கிளில் வந்து, ஆரையம்பதிப் பொடியன்களுக்குப் பந்து போட்டுவிட்டுப் போவான். தங்கராசாவும் ஹமீட் வீட்டுச் சாப்பாட்டை விடவில்லை. இதற்கு மட்டும் அழகரத்தினம் திட்டம் எதுவும் போட்டிருக்கவில்லை. ஆனால் யாராவது கேட்டால், எல்லாம் தன் ஏற்பாடுதான் என்பார்.